பொதுப் பணமும் பொது வாசலும்

மின்சாரம், காஸ், தண்ணீர் வழங்கும் கம்பெனிகள் ஜனங்கள் செலுத்தும் கட்டணத்தாலேயே ஜீவிக்கின்றன. அப்பணத்தைக் கொண்டு அவை சாமான் வாங்குமிடத்தில் ஒரு சாராருக்கு மட்டும் கதவு திறந்திருப்பது நியாயமாகுமா? அமெரிக்காவின் கலிபோர்னியா ராஜ்யம் 1986-லேயே இதற்கு விடை கூறிற்று. சிறுபான்மை இனத்தாரும் ஸ்திரீகளும் நடத்தும் தொழில்களிடமும் கொள்முதல் செய்யத் திட்டம் வகுக்குமாறு பெரிய கம்பெனிகளுக்கு அது சட்டம் விதித்தது. 2014-ல் சட்டசபை அங்கத்தினர் ரிச்சர்ட் கார்டன் கொணர்ந்த மசோதாவில் கவர்னர் ஜெர்ரி பிரௌன் கையொப்பமிடவே, தன்பால் ஈர்ப்பினர், இருபால் ஈர்ப்பினர், திருநர் ஆகியோரின் தொழில்களுக்கும் அவ்வாசல் திறந்தது.

இது வீண் சலுகையென்று சிலர் சொல்லக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. இவ்வேற்பாட்டில் கட்டாயப் பங்கீடு கிடையாது. தேடிப் பார், வாங்கியதற்கு ஆண்டுதோறும் கணக்குக் காட்டு என்பதே அதன் சாரம். 2022-ல் ராஜ்யக் கமிஷன் குறித்த இலக்கும் 2024-க்கு ஒன்றரை சதவிகிதமே.

உண்மையான கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. அத்தாட்சி பெற விரும்புவோர், தொழிலில் பாதிக்கு மேற்பட்ட உரிமை தமதென்பதுடன், தாம் யாரென்பதையும் வெளியிட வேண்டும். பிழைப்புக்கு அஞ்சி ஆயுள் முழுதும் மறைந்து வாழ்ந்தவருக்கு அந்தக் கையொப்பம் அற்ப காரியமன்று. அவ்வச்சத்தை நீக்குவது சட்டத்தால் மாத்திரம் ஆகாது. கம்பெனிகளின் நடத்தையாலேயே ஆகும். கட்டணம் வசூலிக்கையில் "நீ யார்?" என்று கேளாதவர்கள், கொள்முதல் செய்கையில் அதைக் கேட்டு ஒதுக்குவது தர்மமாகாது.