மண்டை ஓட்டைப் பார்த்தே ஆணா, பெண்ணா என்று சொல்லிவிட முடியுமா?

சினிமாவில் பார்த்திருப்பீங்க. தடயவியல் நிபுணர் மண்டை ஓட்டைக் கையில் எடுப்பார், இரண்டு விநாடி உற்றுப் பார்ப்பார், "பெண்... வயசு முப்பது இருக்கும்" என்பார். நிஜத்தில் இது அவ்வளவு சுலபமில்லை. ஆணா, பெண்ணா என்ற குழப்பம் ஒருமுறை கொலைகாரனுக்கே சாதகமாகப் போகப் பார்த்தது.

1935 செப்டம்பர் 29. ஸ்காட்லாந்தின் மொஃபட் அருகே ஓர் ஓடைப் பள்ளத்தில், செய்தித்தாளிலும் துணியிலும் சுற்றிய உடல் துண்டுகள் கிடைத்தன. இரண்டு தலைகள். காது, மூக்கு, உதடு என அடையாளம் சொல்லக்கூடியவை வெட்டப்பட்டிருந்தன. முதலில் வந்த செய்தி: ஒரு ஆண், ஒரு பெண்.

இங்கிலாந்தின் லங்காஸ்டரில் டாக்டர் பக் ரக்ஸ்டனின் மனைவி இசபெல்லாவும், பணிப்பெண் மேரி ரோஜர்சனும் காணாமல் போய் அப்போது இரண்டு வாரம். பம்பாயில் பிறந்த பார்சியான ரக்ஸ்டன், வீட்டு வேலைக்கு வந்த பெண்ணிடம் அந்தச் செய்தியைக் காட்டி, 'இது நம்ம ரெண்டு பேர் இல்லை' என்கிற மாதிரி பேசினார்.

ஆனால், கிளாஸ்கோவின் ஜான் கிளெய்ஸ்டர், எடின்பரோவின் ஜேம்ஸ் பிராஷ் ஆகியோர் துண்டுகளைப் பொருத்தி ஆராய்ந்தபோது இரண்டுமே பெண் உடல்கள் என்று தெரிந்தது. மண்டை ஓட்டின் படத்தை இசபெல்லாவின் போட்டோ மேல் வைத்தும் ஒப்பிட்டார்கள். 1936 மே 12-ல் ரக்ஸ்டன் தூக்கிலிடப்பட்டார்.

சரி, மண்டை ஓட்டில் எதைத்தான் பார்க்கிறாங்க?

உங்க காதுக்குப் பின்னால் விரலை வைங்க. கீழ்நோக்கி ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். கழுத்துத் தசை வந்து ஒட்டும் இடம் அது. ஆண்களுக்குப் பொதுவாகப் பெரிது. இதோடு பிடரி மேடு, புருவங்களுக்கு நடுவே உள்ள புடைப்பு, கண்குழியின் மேல் விளிம்பு (பெண்களுக்குக் கூர்மை, ஆண்களுக்கு மழுங்கல்), முகவாய் என மொத்தம் ஐந்து இடங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க். 1 என்றால் பெண் பக்கம், 5 ஆண் பக்கம். 3 விழுந்தால்? 'சொல்ல முடியாது' என்று அர்த்தம். நிறைய பேருக்கு 3 விழும்!

கண்ணை நம்பாமல் அளந்து, சூத்திரத்தில் போட்டும் பார்க்கலாம். 1963-ல் கைல்ஸ், எலியட் இருவரும் அப்படிச் சூத்திரங்கள் தந்தார்கள். சிக்கல் என்னவென்றால், அவை அமெரிக்க வெள்ளையர், கறுப்பினத்தவர் மண்டை ஓடுகளிலிருந்து வந்தவை. சராசரியாகச் சின்ன மண்டை ஓடு கொண்ட மக்களிடம் அதை அப்படியே போட்டால், ஆண் 'பெண்' ஆகிவிடுவார். அதனால்தான் ஒவ்வொரு நாட்டு மக்களுக்கும் தனி அளவுகள் தேவைப்படுகின்றன.

மனுஷனோட சாய்வும் உண்டு. பழைய எலும்புக்கூடு ஆய்வுகளை 1972-ல் அலசிய கென்னத் வைஸ், 'ஆண்' பக்கம் சுமார் 12 சதவீதம் சாய்வு இருப்பதாகக் காட்டினார். வயதாகும்போது பெண்களின் மண்டை ஓட்டிலும் மேடுகள் தடிக்கலாம் என்பது இன்னொரு தலைவலி. பருவமடையாத குழந்தைகளின் எலும்பில் இந்த முறை உதவவே உதவாது.

அமெரிக்க மானுடவியலாளர் குரோக்மனின் கணக்குப்படி, மண்டை ஓடு மட்டும் கிடைத்தால் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 92 சதவீதம். இடுப்பெலும்பு என்றால் 95. இரண்டும் இருந்தால் 98. குழந்தைப்பேற்றுக்கு ஏற்ற அமைப்பு இடுப்பில் இருப்பதுதான் காரணம். அதனால் மண்டை ஓடு மட்டும் கிடைத்த வழக்குகளில் இப்போது பல்லிலிருந்து டிஎன்ஏ எடுத்து, எக்ஸ், ஒய் குரோமோசோம்களைப் பார்த்துவிடுகிறார்கள்.