அட்டாரி 2600இல் டெமோ நிரலாக்கம்

அட்டாரி 2600 என்பது அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 1977ஆம் ஆண்டு வெளியிட்ட, தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து விளையாடும் நிகழ்பட ஆட்டக் கருவி ஆகும். இக்கருவியின் திறனைப் படமாகவும் இசையாகவும் காட்டுவதற்கென்றே எழுதப்படும் சிறு நிரல் டெமோ எனப்படுகிறது. இது பெரும்பாலும் அசெம்பிளி மொழியில் எழுதப்படும்.

படத்தை வைக்க இடமில்லை

இக்கருவியின் 6507 செயலி நொடிக்கு ஏறத்தாழ 11.9 இலட்சம் சுழற்சிகள் இயங்கும். நினைவகமோ 128 பைட்டு மட்டுமே. திரையில் 160 × 192 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பிட்டு ஒதுக்கினாலும் 3,840 பைட்டு, அதாவது இருப்பதைப் போல 30 மடங்கு தேவை. எனவே முழுப் படத்தையும் நினைவகத்தில் வைத்துக் காட்ட இயலாது. தொலைக்காட்சியின் எலக்ட்ரான் கற்றை கோடு கோடாகத் திரையை வருடும்போதே, அந்தக் கோட்டுக்குரிய நிறத்தையும் உருவத்தையும் டிஐஏ என்னும் சில்லுக்கு நிரல் அறிவிக்க வேண்டும்.

சுழற்சிக் கணக்கு

அமெரிக்கத் தொலைக்காட்சி முறையில் ஒரு சட்டகத்துக்கு 262 கோடுகள். அவற்றுள் படம் தெரிபவை 192. ஒரு கோட்டுக்குக் கிடைப்பவை 76 சுழற்சிகள். எந்தக் கட்டளைக்கு எத்தனை சுழற்சி என்று எண்ணி எழுத அசெம்பிளி மொழியே ஏற்றது.

எடுத்துக்காட்டாக, பல நிறப் பட்டைகளை வரைய எக்ஸ் பதிவகத்தில் 192 என்று இட்டு, பின்வரும் நான்கு கட்டளைகளைத் திரும்பத் திரும்ப இயக்கினால் போதும்:

1. அடுத்த கோடு தொடங்கும்வரை செயலியை நிறுத்து (3 சுழற்சி)
2. எக்ஸின் மதிப்பைப் பின்னணி நிறமாக எழுது (3)
3. எக்ஸில் ஒன்றைக் குறை (2)
4. சுழியாகாவிடில் முதல் கட்டளைக்குத் திரும்பு (3)

மொத்தம் 11 சுழற்சிகள். நிற மதிப்பின் கடைசி பிட்டை டிஐஏ கருதாததால், இரு கோடுகளுக்கு ஒருமுறை நிறம் மாறும். எஞ்சிய 65 சுழற்சிகளில் உருவங்களைச் சேர்க்கலாம்.

ஆனால் ஒரு கோட்டின் வேலை 76 சுழற்சிகளைத் தாண்டிவிட்டால், ஒரு முழுக் கோடே வீணாகும். முதல் கட்டளை அதற்கடுத்த கோடுவரை காத்திருப்பதே காரணம். இவ்வாறு கோடுகளின் எண்ணிக்கை கூடினால் தொலைக்காட்சியில் படம் உருளத் தொடங்கும். இசை, அசைவு போன்றவற்றின் கணக்குகளைப் படம் தெரியாத 70 கோடுகளின் நேரத்தில் செய்வது வழக்கம்.

இன்று கற்பதற்கு

பழைய கருவி இல்லாதவர்களும் இதைப் பயிலலாம். டாஸ்ம் என்னும் மென்பொருள் நிரலைப் பொறிமொழிக்கு மாற்றும். ஸ்டெல்லா அதைக் கணினியில் இயக்கிக் காட்டும். இரண்டும் இலவசம். சட்டகத்துக்கு எத்தனை கோடுகள் என்பதையும் ஸ்டெல்லா காட்டும். அந்த எண் 262இல் அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பதே கற்பவர் செய்யவேண்டிய முதல் சோதனை.