பேட்டரி நிறைந்திருந்தும் படகு ஏன் கிளம்புவதில்லை?

முழுமையாக மின்னேற்றிய ஈய-அமில பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டியும் சிறு மோட்டார் படகின் எஞ்சின் சுழல மறுப்பதற்கு, கடற்காற்றில் அரித்துப்போன இணைப்பு முனைகளே பெரும்பாலும் காரணம். மல்டிமீட்டரின் வழியே மிகச் சிறிய மின்னோட்டமே பாய்வதால், அம்முனைகளில் உள்ள மின்தடை, அதாவது மின்னோட்டத்தை எதிர்க்கும் தன்மை, அளவீட்டில் தென்படாது. ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டார் 100 ஆம்பியர் இழுக்கும்போது வெறும் 0.03 ஓம் தடையே 3 வோல்ட்டை விழுங்கி வெப்பமாக்கிவிடும். ஆகவே புதிய பேட்டரிக்குப் பணம் செலவிடுமுன், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கம்பத்திலும் மற்றதை அதைப் பற்றியுள்ள கிளாம்பிலும் வைத்து, ஒருவர் சாவியைத் திருப்ப மற்றவர் அளவைப் பார்ப்பதே சரியான சோதனை. நல்ல இணைப்பில் அது சுழியத்தை ஒட்டியிருக்கும். அரை வோல்ட்டை எட்டினால் அந்த இணைப்பு முனையைக் கழற்றித் தேய்த்து இறுக்க வேண்டும். காப்புறைக்குள் பச்சை பூத்த செம்புக் கம்பியைத் தேய்த்துப் பயனில்லை. வெள்ளீயம் பூசிய கம்பியே அதற்கு மாற்று. பெட்ரோல் வாடை வீசும் படகில் மட்டும், காற்றோட்டம் கிடைக்கும்வரை எந்த இணைப்பையும் தொடக்கூடாது.