முதல் கெமரா: உடலுக்கு எவ்வளவு, லென்ஸுக்கு எவ்வளவு?

கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் தொழிலைத் தொடங்கப் போகிறேன், டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கெமரா ஒன்று வாங்க வேண்டும், எது நல்லது? கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை இந்தக் கேள்வியோடு வரும் இளைஞர்கள் பலர். சிலர் வீட்டு நகையை ஈடு வைத்து வாங்குகிறார்கள். சிலருக்கு வெளிநாட்டில் இருக்கும் நானா காசு அனுப்புகிறார். கடைக்காரரைக் கேட்டால் தன் அலமாரியில் இருப்பதைத்தான் நல்லது என்பார். அது அவருடைய வியாபாரம். நம்முடைய கணக்கை நாம்தான் பார்க்க வேண்டும்.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று. எஸ்.எல்.ஆர். கெமரா என்பது இரண்டு சாமான்கள். ஒன்று உடல், மற்றது லென்ஸ். உடல் நாளுக்கு நாள் விலை இறங்கும் சாமான். லென்ஸ் அப்படியல்ல. 2003 ஆகஸ்டில் கெனன் நிறுவனம் 300டி என்ற கெமராவை அறிவித்தபோது அமெரிக்காவில் உடல் மட்டும் 899 டொலர். ஆயிரம் டொலருக்குக் குறைந்த விலை என்று உலகமே பேசியது. 6 மெகாபிக்சல் கொண்ட அந்த உடலை இன்று தொழிலுக்கு யாரும் தேட மாட்டார்கள். ஆனால் அதே நிறுவனம் 1990இல் வெளியிட்ட 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ், பழுதில்லாமல் இருந்தால் இன்றும் உழைக்கும். கெனன் இந்த லென்ஸ் பொருத்தும் முறையை 1987இல் கொண்டுவந்தது. நிக்கோனின் முறை 1959இலிருந்து வருகிறது. ஆகவே நீங்கள் தெரிவு செய்வது வெறும் கெமரா அல்ல, பல வருடம் கூட வரப்போகும் லென்ஸ் வரிசை.

பாவித்தது வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். 2018இலிருந்து கெனனும் நிக்கோனும் கண்ணாடியில்லாத புதுவகைக் கெமராக்களின் பக்கம் திரும்பிவிட்டன. 2020க்குப் பிறகு இந்த இரண்டு நிறுவனங்களும் புதிய எஸ்.எல்.ஆர். மாதிரி எதையும் கொண்டுவரவில்லை. பழைய ஸ்டூடியோக்காரர்கள் புதியதற்கு மாறும்போது நல்ல உடல்கள் சந்தைக்கு வருகின்றன. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 300ஐத் தாண்டிப் போனபின் புதுச் சாமானின் விலை நமக்குத் தெரியும். விற்கிறவர் கூடும்போது வாங்குகிறவருக்கு வாய்ப்பு என்பது வியாபாரத்தின் அரிச்சுவடி.

நாளைக்கு நீங்களும் புதுவகைக்கு மாறினால் லென்ஸ் வீணாகாது. இடையில் பூட்டும் இணைப்பு வளையம் இரண்டு நிறுவனங்களிடமும் உண்டு. நிக்கோன் வாங்குகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். டி3000, டி5000 வரிசை உடல்களுக்குள் லென்ஸை இயக்கும் மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாத பழைய லென்ஸை அவற்றில் பூட்டினால் ஃபோகஸை ஒவ்வொரு முறையும் கையால் திருப்ப வேண்டும். லென்ஸில் ஏ.எஃப்.-எஸ். என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் இந்தக் கஷ்டம் இல்லை. இணைப்பு வளையத்திலும் அதுதான் தானாக இயங்கும்.

எந்த லென்ஸ்?

கெமராவோடு வரும் 18-55 லென்ஸை ஏளனமாகப் பேசுவார்கள். பகல் வெளிச்சத்தில் அது போதும். 18இல் வைத்தால் சிறிய மண்டபத்திலும் முழுக் குடும்பத்தையும் நிறுத்தி எடுக்கலாம். அதன் குறை இரவில்தான் தெரியும். 55க்குக் கொண்டுபோனால் அதன் வாய் எஃப் 5.6 அளவுக்குச் சுருங்கிவிடும். எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மங்கிய விளக்கில் மணமகளின் முகத்தை பிளாஷ் அடிக்காமல் எடுக்க இந்த வித்தியாசம்தான் உதவும்.

தொடக்க நிலைக் கெமராக்களில் சென்சர் சிறியது. அதனால் 50 லென்ஸ் கெனனில் 80 போலவும், நிக்கோனில் 75 போலவும் நெருக்கிக் காட்டும். தனி முகத்துக்கு நல்லது, கூட்டத்துக்கு உதவாது. கடைச் சாமான்களை விளம்பரத்துக்கு எடுக்கிற வியாபாரிகளுக்கும் 18-55உம் 50உம் தாராளம். தூரத்துப் படம் எடுக்கிறவர் மட்டும் மூன்றாவதாக 55-250 அல்லது 70-300 பற்றி யோசிக்கலாம்.

கையில் 100 ரூபா இருந்தால் உடலுக்கு 45க்கு மேல் போகாதீர்கள். லென்ஸுக்கு 35. மிச்சம் 20, மேலதிக பற்றறி, கார்ட், பிளாஷ், ஈரம் புகாத பெட்டி ஆகியவற்றுக்கு. நூறையும் உடலிலேயே போட்டவர் கலியாண வீட்டில் பற்றறி இறங்கியதும் கைபிசைந்து நிற்பார்.

ஒலுவிலில் ஒரு பரீட்சை

வாங்குவதற்கு முன் சாமானைச் சோதிக்க நம் பகுதியில் ஒலுவில் துறைமுகத்தைவிட நல்ல இடம் இல்லை. வளாகத்துக்குள் எடுப்பதானால் வாயிலில் அனுமதி கேளுங்கள். இல்லாவிட்டால் வெளியே கடற்கரையே போதும். நமது கடல் கிழக்கே இருப்பதால் காலையில் கடலைப் பார்த்து எடுத்தால் சூரியன் எதிரே நிற்கும், படகுகள் கறுத்துப் போகும். அஸருக்குப் பின் போனால் வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து படகின்மேல் விழும். படகில் எழுதியுள்ள பதிவிலக்கத்தை எடுத்துத் திரையில் பெருப்பித்துப் பாருங்கள். எழுத்து கூர்மையாக இல்லையென்றால் அந்த லென்ஸை விட்டுவிடுங்கள். வெறும் வானத்தை எஃப் 16இல் எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சரில் தூசு. மஃரிபுக்குச் சற்று முன் மங்கலிலும் சில படங்கள் எடுத்துப் பாருங்கள்.

லென்ஸுக்குள் கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் தெரிந்தால் அது பூஞ்சணம். எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். உடல் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்ற கணக்கையும் கேளுங்கள். தொடக்க நிலை உடல்களுக்குப் பெரும்பாலும் ஒரு இலட்சம் தடவையைத்தான் ஆயுளாகக் கொள்வார்கள்.

ஒலுவில் இன்னொரு பாடத்தையும் சொல்லித் தருகிறது. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் கண்ட கனவு அந்தத் துறைமுகம். டென்மார்க்கின் கடனுதவியில் கட்டி 2013 செப்டெம்பர் 1ஆம் திகதி திறந்தார்கள். சில வருடங்களிலேயே வாயிலை மணல் மூடியது. வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கடல் கரையையும் தென்னந்தோப்புகளையும் அரித்தது. கட்டும் செலவோடு கணக்கு முடிவதில்லை, பராமரிப்பும் முதலீட்டின் ஒரு பங்கு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கெமராவுக்கும் அதே கதிதான். நம் பகுதியின் உப்புக் காற்றும் மாரி கால ஈரமும் லென்ஸைத் தின்னும். கடற்கரையில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து உலர விடுங்கள். லென்ஸ் கண்ணாடியை அந்தத் துணியால் தொடாதீர்கள். தோல் பையில் பூட்டி அலுமாரியில் வைப்பதைவிட, இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் ஈரமானியும் போட்டு வையுங்கள். ஈரப்பதம் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும்.

கடைசியாக ஒரு வியாபாரக் கணக்கு. ஒரு கலியாணத்தில் செலவு போகக் கையில் மிஞ்சுவது எவ்வளவு? வாங்கப் போகும் சாமானின் மொத்த விலையை அதனால் வகுத்துப் பாருங்கள். வரும் எண்ணிக்கை ஒரு வருடத்தில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய கலியாணங்களைவிடக் கூடினால், அந்தச் சாமான் உங்களுக்குப் பெரியது. முதல் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு எடுத்துச் செய்யுங்கள். எந்த லென்ஸ் அடிக்கடி கைக்கு வருகிறதோ அதை முதலில் வாங்குங்கள். நகையை ஈடு வைக்கும் யோசனை அதற்குப் பிறகு வரட்டும். அநேகமாக அது தேவைப்படாது.