ஏலக்காய்: பச்சை நிறத்தை நம்பிப் பணம் கொடுக்கலாமா?

தீபாவளி நெருங்கினால் ஏலக்காய் கொள்முதல் செய்யாத மளிகைக் கடை கிடையாது. வந்து இறங்கும் சரக்கு இந்தப் பருவத்துக் காயா, போன வருஷம் முழுக்கக் குடோனில் கிடந்ததா என்று கண்டுபிடிப்பதில்தான் லாப நஷ்டமே இருக்கிறது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது பலருக்கு நினைவிருக்கும். அந்த மாதிரி விலையில் பத்துக் கிலோ தவறினாலே ஒரு சிறு வியாபாரி எழுந்திருக்க முடியாது.

நம்மில் பெரும்பாலோர் நிறத்தைப் பார்த்துத்தான் விலை பேசுகிறோம். பச்சை என்பது தோலின் சமாசாரம். வாடிக்கையாளர் காசு கொடுப்பதோ உள்ளே இருக்கும் விதையின் மணத்துக்கு. வெளிச்சம் பட்ட காய் வெளுத்துவிடும். ஆனால் மணம் போயிருக்க வேண்டும் என்பதில்லை. இருட்டறையில் வைத்த பழங்காய் பச்சையாகவே இருந்து, வாயில் போட்டால் சக்கையாக இருப்பதும் உண்டு. போதாததற்குச் சாயம் ஏற்றிய சரக்கு வேறு. ஈரப் பஞ்சால் அழுத்தித் தேய்த்தால் பஞ்சில் பச்சை ஒட்டிக்கொள்ளும். வாசனை எண்ணெயை வடித்துவிட்டு, மாவு பூசி விற்கும் காயும் உண்டு. விரலில் வெள்ளைத் தூள் படிந்தால் அந்த மூட்டையைத் தொட வேண்டாம்.

ஆகவே காயை உடைத்துப் பாருங்கள். சாக்கின் மேல்வாயில் மட்டும் மாதிரி எடுத்தால் பயனில்லை. நடுவிலும் அடியிலும் கைவிட்டு நூறு காய் எடுத்து எண்ணி உடையுங்கள். கொஞ்சம் சரக்கு வீணாகும், அதற்காகத் தயங்கக் கூடாது. முற்றிய நல்ல காயில் விதை கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, லேசான பிசுபிசுப்புடன் இருக்கும். சாம்பல் பூத்துச் சுருங்கி, தொட்டவுடன் உதிர்ந்தால் வயதான சரக்கு. விதை வெளுத்திருந்தால் பிஞ்சில் பறித்தது. அதைப் பழசு என்று சொல்ல முடியாது, ஆனால் மணமும் இருக்காது. கடைசியாக நாலு விதையை மெல்லுங்கள். காரமும் குளிர்ச்சியும் சேர்ந்து மூக்குவரை ஏற வேண்டும். பூஞ்சை வாடை அடித்தால் பேச்சே வேண்டாம், திருப்பி அனுப்புங்கள்.

உணவுப் பாதுகாப்பு விதிப்படி முழு ஏலக்காயில் ஈரம் 13 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. வாசனை எண்ணெய் 3.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. மொத்தமாக வாங்குவோர் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிப் பார்ப்பது நல்லது. அந்தச் செலவு சரக்கின் விலையில் ஒரு தூசு.

நம் கையிலேயே பழசு தங்கிவிட்டால்? புதுக் காயோடு கலந்து தள்ளலாம் என்று யோசனை சொல்வோர் இருக்கிறார்கள். வாங்குகிறவர் உடைக்கும் நாலு காயில் ஒன்று சக்கையாக வந்தால் மொத்தச் சாக்குக்கும் பழைய விலைதான் கேட்பார். பூஞ்சை பிடிக்காத பழங்காயை, பழசு என்று சொல்லியே விலை குறைத்து டீக்கடைக்காரர்களுக்குக் கொடுத்துவிடலாம். அவர்கள் இடித்துப் போட்டு அன்றன்றைக்கே தீர்த்துவிடுவார்கள். ஆனால் நீங்களே முன்கூட்டிப் பொடித்து வைக்காதீர்கள். தோலுக்குள் இருக்கும் மட்டும்தான் மிச்ச மணமும் தங்கும்.