உஷார்! மெல்பர்ன் கப் வருகிறது, கூடவே ‘112’ம் வரும்

அந்த 112 உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கலாம். வராவிட்டால் நவம்பர் முதல் செவ்வாயில் நடக்கும் அந்தக் குதிரைப் பந்தயத்துக்கு முன்பு கட்டாயம் வந்துவிடும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டம் போட்ட ஒரு படம். இடது பக்கம் குதிரைப் பெயர்கள், வலது பக்கம் ‘ஸ்பீட் ஃபிகர்’ என்ற தலைப்பில் எண்கள். ஒரு குதிரைக்கு மட்டும் 112. மற்றதெல்லாம் 105, 103, 98. அடியில் ஒரு பேங்க் அக்கவுண்ட் நம்பர்.

மாசாயில் ஒரு ரொட்டி சானாய்க் கடையில், நைட் ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு உட்கார்ந்திருந்த தம்பி ஒருவர்தான் எனக்கு அதைக் காட்டினார். “அண்ணே, இது ஜோசியம் இல்ல, கணக்கு. கம்ப்யூட்டர் போட்ட கணக்கு, பொய் சொல்லாது” என்றார். சம்பளத்தில் 800 வெள்ளி தனியாக எடுத்து வைத்தாயிற்றாம். எனக்குத் தே தாரேக் தொண்டையில் நின்றுவிட்டது. இதே வசனத்தை இதே தைரியத்தோடு ஒரு காலத்தில் நானே பேசியிருக்கிறேன்.

ஸ்பீட் ஃபிகர் என்பதே பித்தலாட்டம் என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனில் கணக்கு வாத்தியாராக இருந்த ஃபில் புல் 1948இல் டைம்ஃபார்ம் நிறுவனத்தைத் தொடங்கியதே நேரத்தைக் கணக்கிட்டுக் குதிரையை எடைபோடத்தான். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஆண்ட்ரூ பேயர் 1975இல் ‘பிக்கிங் வின்னர்ஸ்’ புத்தகத்தில் தன் வழிமுறையை விளக்கினார். 1992 முதல் டெய்லி ரேசிங் ஃபார்ம் பத்திரிகையில் அவருடைய எண் அச்சாகிறது. மூளையுள்ளவர்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை அது.

ஆனால் அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். ஒரு குதிரை 1600 மீட்டரை 1 நிமிடம் 36 விநாடியில் ஓடியது. நல்ல நேரமா? நேரத்தை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. அன்றைக்குத் தரை காய்ந்து இறுகிக் கிடந்திருந்தால் சுமார் குதிரைகூடச் சிட்டாய்ப் பறந்திருக்கும். மழை பெய்து சொதசொதவென்று இருந்திருந்தால் அதே நேரம் பிரமாதம். ஆகவே அன்று அந்த மைதானத்தில் நடந்த மற்ற ரேஸ்களின் நேரத்தையும் எடுத்து, அந்தந்தத் தரத்துக் குதிரைகள் வழக்கமாக எடுக்கும் நேரத்தோடு ஒப்பிட்டு, தரை எவ்வளவு இழுத்தது, எவ்வளவு தள்ளிவிட்டது என்று கண்டுபிடித்துக் கழிக்கிறார்கள். மிஞ்சுவதுதான் எண். இந்தக் கழித்தலுக்கு அனுபவமும் ஊகமும் வேண்டும். அதனால் ஆளுக்கு ஆள் விடை மாறும். பேயரின் அளவுகோல் வேறு, டைம்ஃபார்மின் அளவுகோல் வேறு. இரண்டையும் ஒரே கட்டத்தில் அடுக்குவது கிலோவையும் லிட்டரையும் கூட்டி விடை சொல்வது மாதிரி. தம்பி காட்டிய படத்தில் எண்ணைப் போட்டது யார் என்றே இல்லை!

இனி மெல்பர்ன் கப்புக்கு வருவோம். 1861இல் தொடங்கிய ஆஸ்திரேலிய ரேஸ். ஃபிளெமிங்டன் மைதானம், 3200 மீட்டர், அதிகபட்சம் 24 குதிரைகள். ஹேண்டிகேப் ரேஸ், அதாவது கெட்டிக்காரக் குதிரையின் முதுகில் கூடுதல் எடை. மக்கைபி டீவா 2003இல் ஜெயித்தபோது சுமந்தது 51 கிலோ. 2004இல் 55.5. 2005இல் 58. மூன்று முறையும் அது ஜெயித்தது, அப்படியொரு பிறவி அது. சாதாரணக் குதிரை 51 கிலோவில் வாங்கிய எண்ணை 56 கிலோவோடு திரும்ப வாங்கும் என்று யாராவது கையெழுத்துப் போட்டுத் தருவார்களா? அதுவும் 1600, 2000 மீட்டரில் வாங்கிய எண்ணை 3200க்கு?

நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் வெரி எலகெண்ட் ஜெயித்த நேரம் 3 நிமிடம் 17.43 விநாடி. அடுத்த வருடம் ஈரத் தரையில் கோல்ட் டிரிப் ஜெயித்த நேரம் 3 நிமிடம் 24.04. ஆறரை விநாடிக்கு மேல் வித்தியாசம். ஒரு விநாடிக்குச் சுமார் ஐந்து குதிரை நீளம் என்பது ரேஸ்காரர்களின் பழைய கணக்கு. அப்படியானால் முப்பது நீளத்துக்கு மேல். கோல்ட் டிரிப் அத்தனை மட்டமான குதிரையா என்ன? வானம் செய்த வேலை அது.

2024இல் என்ன நடந்தது? நைட்ஸ் சாய்ஸ் என்ற குதிரை, யாரும் எதிர்பார்க்காத 90க்கு 1 என்ற பந்தய விலையில் ஓடி, போட்டோ பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டிய நெருக்கத்தில் ஜெயித்தது. இரண்டாவதாக வந்த ஜப்பான் குதிரையின் பெயர் வார்ப் ஸ்பீட். பெயரிலேயே வேகம் இருந்தும் மூக்கு நுனியில் போய்விட்டது. 2015இல் பிரின்ஸ் ஆஃப் பென்சன்ஸ், 100க்கு 1. நம்ம ஊர்த் தொழிலதிபர் டான் சின் நாமுக்குப் பங்கு இருந்த வியூட் 2008இல் 40க்கு 1. எண் மட்டுமே வேதம் என்றால் இந்தக் குதிரைகளுக்கு இந்த விலை வந்திருக்காது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பாசிர் கூடாங்கிலிருந்து காஸ்வே தாண்டி சிங்கப்பூரின் கிராஞ்சி ரேஸ் மைதானத்துக்குப் போய்வந்த காலம் ஒன்று உண்டு. அங்கே புல் தளமும் இருந்தது, மணலும் இழையும் ரப்பர்த் துண்டும் மெழுகில் பிசைந்து போட்ட பாலிடிராக்கும் இருந்தது. பாலிடிராக்கில் அடுத்தடுத்து மூன்று பெரிய எண் வாங்கிய குதிரை ஒன்று. நானும் பேனாவால் வட்டம் போட்டு 1,500 வெள்ளி கட்டினேன். அன்றைய ரேஸ் புல்லில் என்பது கேட் திறந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பதினோராவதாக வந்தது. வீட்டில் பைக் ரிப்பேர் என்று சொன்னேன். மனைவி நம்பவில்லை, ஆனால் கேட்கவும் இல்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

கிராஞ்சி 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசி ரேஸோடு மூடிக்கொண்டது. 1842இல் பிறந்த டர்ஃப் கிளப்பின் மைதானம் அது. ஜொகூர்க்காரர்களுக்கு இனிப் பக்கத்தில் மைதானமே இல்லை. குதிரை எப்படி நடக்கிறது, ரேஸுக்கு முன்பே வியர்த்துக் கொட்டுகிறதா, காதை மடக்குகிறதா என்று கம்பி ஓரம் நின்று பார்த்த பழக்கம் போயிற்று. கையில் மிச்சம் இருப்பது எண் மட்டும். பார்க்க முடியாத குதிரையை எண்ணாக்கி விற்பவனுக்கு இதைவிட நல்ல சந்தை கிடைக்குமா?

அவன் விற்கும் விதம் இப்படி இருக்கும். 240 பேர் உள்ள பட்டியலைப் பத்துப் பத்தாகப் பிரித்து, 24 குதிரைக்கும் தனித்தனிப் படம் அனுப்பினால் போதும். ஒவ்வொரு படத்திலும் வேறொரு குதிரைக்கு 112. ரேஸ் முடிந்ததும் 230 பேர் திட்டிவிட்டுப் போவார்கள். மிச்சம் பத்துப் பேர் அவனைச் சாமி என்பார்கள். அடுத்த ரேஸுக்கு அந்தப் பத்துப் பேரும் வீட்டு நகையோடு வருவார்கள். அவன் காட்டும் திரையில் லாபக் கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும். எடுக்கப் போனால் ‘வரி கட்டு’, ‘டெபாசிட் கட்டு’ என்பான். அதற்குள் உங்கள் பணம் இரவல் அக்கவுண்ட்கள் வழியாகக் கைமாறிப் போயிருக்கும்.

“குதிரைப் பந்தயம் திறமை விளையாட்டு என்று இந்திய உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது” என்றும் இந்தப் படம் சுற்றும் குழுவில் போடுகிறார்கள். சொன்னது உண்மை. தமிழ்நாடு அரசு 1974இல் கொண்டுவந்த தடைச் சட்டத்தை எதிர்த்த லட்சுமணன் வழக்கில் 1996இல் வந்த தீர்ப்பு அது. கிண்டி ரேஸுக்கான தீர்ப்பை மாசாயில் காட்டி என்ன பயன்? இங்கே மலேசியாவில் 1953ஆம் வருட பெட்டிங் சட்டம் இருக்கிறது. கள்ள புக்கியிடம் பந்தயம் கட்டுகிறவனும் மாட்டுவான். அதனால் ஏமாந்தவன் போலீசுக்குப் போகக் கூசுவான் என்பதுதான் மோசடிக்காரர்களுடைய இன்ஷூரன்ஸ்.

கூசாதீர்கள். பணம் அனுப்பிவிட்டீர்களா? அடுத்த நிமிடமே 997க்கு அழையுங்கள், தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது. உங்கள் பேங்குக்கும் சொல்லுங்கள். நேரம் போகப் போகப் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும். இன்னும் அனுப்பவில்லை என்றால், போலீசின் செமாக் மியூல் தளத்தில் அந்த அக்கவுண்ட் நம்பரைத் தட்டிப் பாருங்கள். அங்கே புகார் எதுவும் இல்லை என்றாலும் நம்பிவிடாதீர்கள், அக்கவுண்ட் நேற்றுத் திறந்ததாக இருக்கலாம்.

தம்பியிடம் இவ்வளவும் சொன்னேன். முழுசாக நம்பவில்லை. “சரி தம்பி, குழுவிலேயே கேளுங்க” என்றேன். அந்த 112 எந்த மைதானத்தில் வாங்கியது, அன்றைக்குத் தரை எப்படி இருந்தது, எத்தனை கிலோ சுமந்தது? மூன்றே கேள்வி. ரொட்டி எண்ணெய் பட்ட விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தட்டி அனுப்பினார். நீல டிக் விழுந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். குழுவிலிருந்து நீங்கள் நீக்கப்பட்டீர்கள் என்று இருந்தது.