பேஸ் பெட்டியும் அப்பாவின் நாரியும் பிள்ளையின் காதும்

பொங்கல் விழா, தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழா, பிறந்தநாள் விருந்து என்று எங்கள் மண்டப மேடைகளில் இப்போது பேஸ் கிற்றார் வாசிக்கும் பிள்ளைகளைக் காண்கிறோம். மகிழ்ச்சியான விடயம். மிருதங்கத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போகலாம், கிற்றாரையும் அப்படியே கொண்டு போகலாம். ஆனால் பேஸ் கிற்றாருக்குச் சத்தம் கொடுக்கும் அம்பிளிபயர் பெட்டி அப்படிப்பட்டதல்ல. அதைக் காரில் ஏற்றி, மண்டபப் படிகளில் தூக்கி, மேடையில் வைத்து, நள்ளிரவில் மறுபடி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இந்த வேலையைச் செய்பவர் பெரும்பாலும் வாசிக்கிற பிள்ளை அல்ல. "நீ கையை நோக வைக்காதே, நான் தூக்கிறன்" என்று முன்னுக்கு வருகிற, ஐம்பது வயதைத் தொட்ட அப்பாதான். திங்கட்கிழமை நாரியைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வருபவரும் அவரே. பிள்ளைக்கு வரக்கூடிய சேதம் காதில். அது திங்கட்கிழமை தெரிய வராது, பல வருடங்கள் கழித்தே தெரியும்.

இந்தப் பெட்டி ஏன் இவ்வளவு பாரம்? பேஸ் கிற்றாரின் ஆகத் தடித்த நரம்பு ஒரு விநாடிக்கு 41 தடவை அதிர்கிறது. இவ்வளவு தாழ்ந்த ஒலியை மனிதக் காது மந்தமாகவே கேட்கும். ஆகவே அதைக் கேட்க வைப்பதற்குக் கூடிய மின்வலுவும் பெரிய ஸ்பீக்கர்களும் தேவைப்படுகின்றன. 1969இல் அமெரிக்காவின் ஆம்பெக் நிறுவனம் வெளியிட்ட எஸ்.வி.ரி. என்ற புகழ்பெற்ற அம்பிளிபயர் 300 வாற்று. அதன் தலைப்பகுதி மட்டுமே சுமார் 38 கிலோ. அதனோடு வைக்கும், எட்டு ஸ்பீக்கர்கள் கொண்ட பெட்டியின் பிற்காலத்து மாதிரி 60 கிலோவுக்கு மேல். இசைக்காரர்கள் அதற்கு 'ஃபிரிட்ஜ்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் வீடுகளில் ஃபிரிட்ஜ் இல்லை என்றாலும், யாரோ மலிவாக விற்ற பழைய 15 அங்குல ஸ்பீக்கர் பெட்டி இருக்கும். அதுவும் 30 கிலோவைத் தாண்டலாம். இப்போது வரும் 'கிளாஸ் டி' வகைத் தலைப்பகுதிகள் இரண்டு மூன்று கிலோதான். நியோடைமியம் காந்தம் பூட்டிய 12 அங்குல ஸ்பீக்கர் பெட்டிகளில் 15 கிலோவுக்குக் குறைந்தவையும் உண்டு. வாங்கும்போது எத்தனை வாற்று என்று கேட்கிறோமே தவிர, எத்தனை கிலோ என்று கேட்பதில்லை. என்னைக் கேட்டால் இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

தூக்குவது எப்படி?

பிரித்தானியாவின் சுகாதார, பாதுகாப்பு நிறைவேற்றகம் பாரம் தூக்குவதற்கு ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. பாரம் இடுப்பு மட்டத்தில், உடம்போடு ஒட்டி இருந்தால் ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ வரை பரவாயில்லை. அதே பாரம் நிலமட்டத்தில் இருந்தால் 10 கிலோவும் 7 கிலோவுமாகக் குறைகிறது. கையை நீட்டி எடுப்பதானால் வெறும் 5 கிலோவும் 3 கிலோவும்! உடம்பிலிருந்து பாரம் தள்ளிப் போகப் போக, நாரியிலுள்ள சிறிய தசைகளும் முள்ளந்தண்டுத் தட்டுகளும் பல மடங்கு விசையைத் தாங்க வேண்டியிருப்பதே இதற்குக் காரணம். இப்போது கார் டிக்கியை நினைத்துப் பாருங்கள். விளிம்புக்கு அப்பால் குனிந்து, இரண்டு கையையும் நீட்டி, தூக்கியபடியே இடுப்பைத் திருப்புகிறோம். நாரிக்கு இதைவிடக் கெடுதலான அசைவு கிடையாது.

முதலில் பெட்டியை விளிம்புவரை இழுத்து எடுங்கள். நெஞ்சோடு அணைத்துத் தூக்குங்கள். திரும்புவதானால் இடுப்பை முறுக்காமல் காலை எடுத்து வையுங்கள். 20 கிலோவுக்கு மேற்பட்ட பெட்டி என்றால் இரண்டு பேர் பிடியுங்கள். படியேறும்போது கீழே நிற்பவருக்கே பாரம் கூட விழும் என்பதால் பலமானவர் கீழே நிற்க வேண்டும். பதினாறு வயது மகன் வளர்ந்த ஆம்பிளைதானே, ஒரு பக்கம் அவன் பிடிக்கட்டும். ஆக நல்லது சில்லுப் பூட்டிய ரொலி. கொழும்பு புறக்கோட்டையில் மூட்டை தூக்கியே வாழ்ந்த நாட்டாமைமாரும் தூரம் என்றால் தள்ளுவண்டியைத்தான் பிடித்தார்கள்.

ஒரு மணித்தியாலம் கார் ஓடிவிட்டு இறங்கிய உடனே தூக்க வேண்டாம். ஐந்து நிமிடம் நடந்து உடம்பை இளக்கிக்கொள்ளுங்கள். பொங்கல் இரவில் வேட்டியோடும் செருப்போடும், ஈரமான கார் தரிப்பிடத்தில் பெட்டி தூக்குகிறவர்களைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். ஒரு சோடி சப்பாத்தைக் காரிலேயே வைத்திருங்கள்.

காருக்குள் பெட்டியைப் பின் ஆசனத்தின் முதுகோடு ஒட்டி, நிலத்தில் வைத்து, பட்டியால் கட்டுங்கள். கட்டாத 30 கிலோ, திடீரென்று பிரேக் போடும்போது பிள்ளைகளின் பிடரிக்குத்தான் வரும்.

நாரி பிடித்துவிட்டால் நாள்கணக்கில் படுக்கையில் கிடக்காதீர்கள். மெல்ல மெல்ல நடமாடுவதே மருந்து. பெரும்பாலும் சில வாரங்களில் மாறிவிடும். ஆனால் இரண்டு கால்களும் பலமிழந்தாலோ, தொடையிடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் விறைத்தாலோ, சலம் போக முடியாமற் போனாலோ, சலமோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போனாலோ அது அவசர நிலை. விடியட்டும் என்று பார்த்திருக்காமல் அன்றிரவே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

மின்சாரம்

1990களில் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட எங்களுக்கு மின்சாரத்தில் பயம் குறைவு. இங்கே சுவரில் இருப்பது 230 வோல்ற். 1972 மே 3ஆம் திகதி வேல்ஸின் சுவான்சி நகரில், ஸ்டோன் த குரோஸ் இசைக்குழுவின் கிற்றார் கலைஞர் லெஸ் ஹார்வி, சரியாக நிலத்தொடர்பு கொடுக்கப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். அம்பிளிபயர் இரைகிறது என்பதற்காகப் பிளக்கில் உள்ள நிலத்தொடர்பு வயரைக் கழற்றிவிடும் 'கெட்டித்தனம்' இன்னும் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்ய விடாதீர்கள். பழைய மண்டபங்களில், செருகிப் பாவிக்கும் ஆர்.சி.டி. ஒன்றைச் சுவர்ப் பிளக்கில் மாட்டிய பிறகே வயரை இணையுங்கள். பனியில் நின்ற காரிலிருந்து சூடான மண்டபத்துக்குள் வந்த பெட்டியின் உள்ளே ஈரம் படியும். அரை மணித்தியாலமாவது விட்டு, காய்ந்த பின்னர் போடுங்கள்.

பெட்டியை எங்கே வைப்பது?

காதைக் காப்பது இங்கேதான் ஆரம்பிக்கிறது. தாழ்ந்த ஒலி எல்லாத் திசைகளிலும் பரவும். நரம்பைத் தட்டும் தெளிவான மேல் ஒலியோ நேர்கோட்டில் போகும். பெட்டி நிலத்தில் இருக்க, பிள்ளை அதற்கு முன்னால் ஒட்டி நின்றால் அந்தத் தெளிவு முழங்காலுக்குத்தான் கேட்கும். 'எனக்குக் கேட்கவில்லை' என்று அவன் சத்தத்தைக் கூட்டுவான். ட்ரம்ஸ்காரரும் கூட்டி அடிப்பார். முன்வரிசையில் இருக்கும் அம்மம்மா காதுக் கருவியைக் கழற்றி வைப்பார். பெட்டியை உறுதியான மேசையில் உயர்த்துங்கள், அல்லது சாய்த்து அவன் காதை நோக்கித் திருப்புங்கள். அவனும் இரண்டு மீற்றர் தள்ளி நிற்கட்டும். சத்தம் தானாகவே குறையும். மூலையில் வைத்தால் இரண்டு சுவர்களும் அடித்தொனியைப் பெருக்கிக் குழப்பிவிடும். உள்ளே வெறுமையான மரமேடையும் அப்படித்தான், கீழே தடித்த ஸ்பொஞ்ச் ஒன்றைப் போடுங்கள். பெரிய மண்டபம் என்றால் ஒரு வயரை மிக்ஸருக்குக் கொடுத்துவிட்டால் போதும். சபைக்குக் கேட்க வைப்பது மண்டப ஸ்பீக்கர்களின் வேலை.

பேஸ் வாசிப்பவர் வழக்கமாக ட்ரம்ஸின் பக்கத்தில் நிற்பார். அவர் காதுக்குக் கூடிய ஆபத்து தன்னுடைய பேஸிலிருந்து அல்ல, அருகிலிருக்கும் தாளத்தட்டுகளிலிருந்தே வரலாம். 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணித்தியாலம் இருக்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் கிடைப்பது கால் மணித்தியாலம் மட்டுமே. ஒத்திகையே இரண்டு மணித்தியாலம் நடக்கிறது! பிரித்தானியாவில் 2008 ஏப்ரல் முதல் இசைத் தொழிலாளருக்கும் இரைச்சல் கட்டுப்பாட்டுச் சட்டம் உண்டு. சம்பளமில்லாமல் விழாவில் வாசிக்கும் எங்கள் பிள்ளைகளுக்குப் பெற்றோர்தான் சட்டம்.

பஞ்சு வைப்பதால் பயன் இல்லை. மலிவான ஸ்பொஞ்ச் அடைப்பான் மேல் ஒலியை அதிகம் மறைப்பதால் பிள்ளை அதைக் கழற்றிவிடுவான். இசைக்கலைஞர்களுக்கென்றே விற்கும் அடைப்பான்கள் எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். ஒரு சோடி நரம்பு வாங்குவதைவிட விலை அதிகமில்லை. உட்காதின் நுண்மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

விழா முடிந்து வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் "காது இரையுதோ?" என்று கேளுங்கள். அடுத்த நாளும் இரைந்தால், அல்லது அடிக்கடி அப்படி வந்தால், கேட்டல் பரிசோதனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் குடுமி அடைத்துவிட்டது என்று எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும். சிகிச்சை சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.